புதன்கிழமை பிரித்த பெட்டி

அத்தியாயம் 17

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்த இடத்திலேயேதான் ராஜபாய் நின்றுகொண்டிருந்தாள். வீட்டு கேட்டுக்கு உள்பக்கம், கையில் பூட்டுச் சாவியோடு. ஷார்ஜாவிலிருந்து வந்த மகன் ஜெனினைக் காய்ச்சலோடு ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் அருமனைச் சந்தியைத் தாண்டி அரை மணி நேரமாகிறது. கேட்டில் ஒட்டிய 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' நோட்டீஸின் பசை இன்னும் காயவில்லை.

அந்த நோட்டீஸை ஒட்டியதும் அவளேதான். இருபத்தெட்டு வருஷமாகக் கிராம சுகாதார செவிலியர். எந்த வீட்டுக் குழந்தைக்கு எப்போது ஊசி, எந்தப் பெண்ணுக்கு எத்தனையாவது மாசம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஒட்ட வந்த ஹெல்த் இன்ஸ்பெக்டர் அவள் முகத்தைப் பார்த்துத் தயங்கியபோது, "இஞ்ச தாங்க சார். ஊரான் வீட்டு வாசல்ல ஒட்டத் தெரிஞ்ச கைக்கு நம்ம வாசல்ல ஒட்டத் தெரியாதா?" என்று பிடுங்கி ஒட்டிவிட்டாள்.

போன் அடித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் அஜிதா.

"சிஸ்டர், கொரோனா சாம்பிள் ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆகும். அதுக்குள்ள ஜெனின் யாரை எல்லாம் பார்த்தான்னு லிஸ்ட் வேணும். நாலு மணிக்குள்ள கொடுத்தா போதும்."

"நாலு மணி எதுக்கு டாக்டர்? இப்பமே எழுதிக்கிடுங்க. நான், எங்க வீட்டுக்காரரு, ஏர்போர்ட்டுல இருந்து கூட்டிட்டு வந்த டாக்ஸி டிரைவர் ஷாஜன். மூணே மூணு பேரு."

"உங்க லிஸ்ட்டுன்னா கண்ணை மூடிட்டு நம்பலாம் சிஸ்டர். நீங்களும் இனி வெளியே போகாதீங்க."

அந்த வேளையிலும் ராஜபாய்க்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இருக்காதா பின்னே? செவ்வாய்க்கிழமை மகன் வந்து இறங்கிய கையோடு மாடி அறையில் அடைத்தாள். சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு இறங்கி வந்துதான் குரல் கொடுப்பாள். ரெண்டு வருஷம் கழித்து வந்த பிள்ளையின் தலையைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து மூன்று நாள் அவளுக்குக் களியக்காவிளை செக்போஸ்ட்டில் டூட்டி. பஸ்ஸில் வருகிறவர்கள் நெற்றிக்கெல்லாம் சூடு பார்த்து நின்றதில் கால் வீங்கிவிட்டது.

இத்தனையும் யாருக்காக? அவளைக் கேட்டால் ஊருக்காக என்பாள். உண்மையில் பாதிக்கு மேல் பிரீனாவுக்காக. மகளுக்கு இது எட்டாம் மாசம். சின்ன வயசிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு. புருஷன் ஆன்ஸ்லின் பஹ்ரைனில். மார்த்தாண்டத்தில் மாமியாரோடு இருக்கிறாள். ஜெனின் விமானம் ஏறும் முன்பே ராஜபாய் அவளுக்குப் போன் போட்டு, "அண்ணன் வாறான். பதினாலு நாள் நீ இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கப்பிடாது" என்று சொல்லி வைத்திருந்தாள்.

ஆக, ஒரு ஓட்டை கிடையாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துத் திரும்பினாள்.

அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கம் கொடியில் தொங்கிய கம்பளி கண்ணில் பட்டது. கருஞ்சிவப்பில், முறம் முறமாக ரோஜாப்பூ போட்ட கல்ஃப் கம்பளி. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. டெட்டால் வாசம் மதிலைத் தாண்டி வந்து மூக்கில் ஏறியது. அடுத்த வீட்டு ராகேல் அதை இழுத்து இழுத்து விரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி ராகேலு, இந்தக் கம்பளி ஏது?"

ராகேல் திடுக்கிட்டுத் திரும்பினாள். "இதா? பழசுக்கா."

"பழசா? கடையில மடிச்ச மடிப்பு இன்னும் போவல்லியே."

"எங்க அத்தான் கொண்டு வந்தது."

"ஒங்க அத்தான் கல்ஃப முடிச்சிட்டு வந்து ஆறு வருசமாச்சு. இஞ்ச பாரு, என் மூஞ்சியப் பாத்துப் பறை."

"அடுப்புல பால் கெடக்குக்கா" என்று ராகேல் ஓடியே போனாள். மார்ச் மாசத்து வெயிலில், ஆம்புலன்ஸ் வந்துபோன அரை மணி நேரத்துக்குள், ஒருத்தி கம்பளியை டெட்டாலில் முக்குகிறாள் என்றால் அதற்குக் காரணம் என்னவாக இருக்கும்? ராஜபாய் விறுவிறுவென்று முன்னறைக்குப் போனாள்.

முன்னறை மூலையில் ஜெனினின் பெட்டி நீல நைலான் கயிறு கட்டியபடி அப்படியே இருந்தது. மார்க்கர் பேனாவில் எழுதிய பெயரும் போன் நம்பரும் அவளைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தன. பதினாலு நாள் கழிந்துதான் அதைத் தொட வேண்டும் என்று அவளே மூலையில் தள்ளி வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை டாக்ஸியிலிருந்து இறக்க ஷாஜன் மூச்சு வாங்கிய பெட்டி. இப்போது அவள் காலால் தள்ளியதும் சர்ரென்று சுவர்வரை போய் முட்டியது.

"ஏட்டி, பைய! உள்ள சாதனம் ஒடையும்" என்று நாற்காலியிலிருந்து எழுந்தார் செல்வதாஸ்.

ராஜபாயின் புருஷர். ரெண்டு ஏக்கர் ரப்பர் மரமும் சபைக் கமிட்டிச் செயலாளர் பதவியும் உடையவர். முந்தின நாள் சாயங்காலம் பிரதமர் சொன்னார் என்று ஊரெல்லாம் டாக்டர், நர்ஸுகளுக்காகக் கைதட்டியபோது, வெண்கலத் தாம்பாளத்தை ஓங்கி அடித்து நெளித்தவர். மாஸ்க் அவர் தாடையில் கிடந்தது. அது மூக்குவரை ஏறி ராஜபாய் பார்த்ததே இல்லை.

"என்ன ஒடையும்? உள்ள என்ன இருக்குன்னு பறைங்க."

"பெட்டிக்குள்ள என்ன இருக்கும்? பெட்டிக்குள்ள உள்ளது இருக்கும்."

அவள் அடுக்களைக்குப் போய் வெட்டுகத்தியை எடுத்து வந்தாள். ஒரே வெட்டில் கயிறு அறுந்தது. உள்ளே ரெண்டு பழைய தலையணை. போன வருஷத்து சர்ச் அறுப்பின் பண்டிகை நோட்டீஸ் ஒரு கட்டு. அவ்வளவுதான்.

"கேட்டியளா, நான் இப்பம் கத்தமாட்டேன்" என்றாள் ராஜபாய், கத்தியபடி. "எப்பம் பெட்டியப் பொட்டிச்சுப் பிரிச்சிய?"

"புதன்கெழம" என்றார் அவர், சுவரைப் பார்த்து.

புதன்கிழமை அவள் செக்போஸ்ட்டில் நின்று ஊரான் பிள்ளைகளின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நாள்.

கல்ஃப் பெட்டி பிரிப்பது இந்தப் பக்கத்தில் சும்மா ஒரு வேலை இல்லை. அதற்குச் சொந்தம் எல்லாம் கூட வேண்டும். சுற்றி உட்கார வேண்டும். வந்தவன் தன் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்து, இது மாமாவுக்கு, இது சித்திக்கு என்று கொடுக்க வேண்டும். ஆள்வசம் கொடுத்தனுப்பினால் அது அவமரியாதை. போன தடவை ஜெனின் மூன்று நாள் தாமதமாகப் பெட்டியைப் பிரித்ததற்குச் செல்வதாஸின் அக்காள் லில்லிபாய் ஆறு மாசம் இந்த வீட்டுப் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

"மறுபடியும் அந்த ஏச்சு கேக்கணுமாட்டி? ஆளுங்க நாலு தடவ போன் போட்டாவ. பெட்டி வந்தாச்சா, பெட்டி வந்தாச்சான்னு. நான் என்ன பறைவேன்?"

"வியாதி வந்தாச்சுன்னு பறைஞ்சிருக்கணும்."

"நான் ஒண்ணும் கவனமில்லாம செய்யல்ல கேட்டியா. கேட்டுலயே எல்லாருக்கும் மஞ்சத் தண்ணியில கால் கழுவ வச்சேன்."

"கால் வழியாவா ஏறும் அது?"

"சேரு எல்லாத்தையும் ரெண்டு முழம் தள்ளித் தள்ளித்தான் போட்டேன்."

"பொறவு?"

"பொறவு பெட்டியத் தொறந்ததும் எல்லாரும் எழும்பிக் கிட்ட வந்துட்டாவ. அதுக்கு நான் என்ன செய்ய?"

"அவன் மாஸ்க் போட்டிருந்தானா?"

செல்வதாஸ் தன் மாஸ்க்கைத் தடவினார். "மூஞ்சிய மறைச்சிட்டுக் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

ராஜபாய் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு தடவை போதவில்லை, ரெண்டாவது தடவையும் அடித்தாள். இந்த மனுஷனோடு முப்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணியதற்கு அரசாங்கம் தனியாக ஒரு பென்ஷன் தர வேண்டும் என்று தோன்றியது. பேப்பரும் பேனாவும் எடுத்து அவர் முன் வைத்தாள். "வந்தவங்க பேர எழுதுங்க. ஒண்ணு விடாம."

அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு பதினோரு பேர் எழுதினார். கடைசிப் பேர் ராகேல்.

"பிரீனா வந்தாளா?"

"வரல்ல."

"என்னப் பாத்துப் பறைங்க."

"வரல்லன்னு பறையுதேன்லா!" என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

ராஜபாய் ஒவ்வொருத்தராகப் போன் போட்டாள். காய்ச்சல் இருக்கிறதா, வீட்டில் வயசானவர்கள் உண்டா என்று கேட்கத்தான். ஆனால் ஊரில் ஒரு ஆள்கூட அந்தப் புதன்கிழமை அந்த வீட்டுப் பக்கம் வந்தது கிடையாதாம். ஒருத்தர் அன்று திருவட்டாறில் இருந்தாராம். ஒருத்தர் அன்று முழுக்கத் தூங்கினாராம். பதினோரு பேரும் வானத்திலிருந்தா சோப்பையும் தைலத்தையும் பிடித்துக்கொண்டு போனார்கள்?

லில்லிபாய்தான் எல்லாரையும் மிஞ்சினாள். "நான் வந்ததா ஆரு பறைஞ்சது? எனக்கு மூட்டுவலி. நான் வீட்ட விட்டு எறங்கி மாசம் ஒண்ணாச்சு."

"மைனி, நான் சண்டைக்கு வரல்ல. உங்களுக்குச் சுகர் உண்டு. அதான் கேக்கேன்."

"ஒம்மவன் குடுத்த டார்ச்சு லைட்டு ஒரு நாள் எரிஞ்சுது, மறுநாள் எரியல்ல. அந்தப் பீத்த டார்ச்சுக்கு எம்மவ கல்யாணத்த நிப்பாட்டப் பாக்குதியா நீ?"

லில்லிபாயின் மகள் ஷைஜாவுக்கு இந்த வியாழக்கிழமை கல்யாணம். தன் வாயாலேயே மாட்டிக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை. "எங்க கேட்டுல நோட்டீஸ் ஒட்டினியானா, பொறவு நீ என் தம்பி பெஞ்சாதியும் இல்ல, நான் ஒனக்கு மைனியும் இல்ல" என்று வைத்துவிட்டாள்.

ராஜபாய்க்கு எரிச்சலில் கண் கலங்கியது. ஊசி போடும்போது கையைக் காலை உதறுகிற குழந்தைகளைக்கூட அவள் சமாளித்துவிடுவாள். இந்தப் பெரிய குழந்தைகளை என்ன செய்வது?

பிரீனாவுக்குப் போட்டாள்.

"இல்லம்மா, நான் எங்கயும் வரல்ல" என்றாள் மகள், கேள்வி முடியும் முன்பே.

அது சரியில்லை. பிரீனா எதையும் ரெண்டு தடவை 'என்னது?' என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்லுகிற பிள்ளை.

ஆஸ்பத்திரி வார்டிலிருந்த ஜெனினைக் கூப்பிட்டாள். அவன் குரல் சோர்ந்து கிடந்தது. "அப்பாதாம்மா எறங்கி வரச் சொன்னாவ. நீ ஏசுவேன்னு பேசாம இருந்துட்டேன். போட்டோ இருக்கு, அனுப்பவா? அதுல எல்லாரும் உண்டு."

போட்டோ வந்தது. முன்னறை. நடுவில் திறந்த பெட்டி. சுற்றிலும் எல்லாரும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் தாடையை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். லில்லிபாய் டார்ச்சைத் தூக்கிக் காட்டுகிறாள். ராகேல் கம்பளியைப் போர்த்தியே காட்டுகிறாள். பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில், வயிற்றின் மேல் ஒரு பேரீச்சம்பழப் பொதியை வைத்துக்கொண்டு பிரீனா. ஜெனின் குனிந்து அவள் கன்னத்தோடு கன்னம் வைத்திருக்கிறான்.

ராஜபாய் போனைப் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பிள்ளை ஆசைப்பட்டுப்போச்சு" என்றார் செல்வதாஸ். "அண்ணனப் பாத்து ரெண்டு வருசமாச்சுன்னு போன்ல அழுதா. நான்தான் ஆட்டோ அனுப்பினேன்."

"ஒங்கள..." என்று ஆரம்பித்தவள் போனைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆறுதல் அடையலாம். மகள் அழுததைப் பொறுக்கமாட்டாத அப்பனை எதைச் சொல்லித் திட்டுவது?

மறுபடி மகளைக் கூப்பிட்டாள். "போட்டோ பாத்தேன் மக்களே."

அந்தப் பக்கம் விம்மல்.

"காய்ச்சல் உண்டா?"

"இல்ல."

"இருமல்?"

"இல்ல."

"மூச்சு?"

"நேத்து ராத்திரி கொஞ்சம் இழுத்துது. எப்பவும் உள்ளதுதாம்மா."

எப்பவும் உள்ளதாகத்தான் இருக்கும். இருக்க வேண்டும், ஆண்டவரே. ஆனால் அப்படி இல்லையென்றால்?

"டாக்டர்ட்ட ஒம் பேரச் சொல்லப்போறேன். ஒன்னத் தனியா வச்சுப் பாப்பாங்க. பயப்படாத."

"சொல்லாதம்மா!" பிரீனா அலறினாள். "மாமிட்ட சபையில பெண்கள் ஜெபக் கூட்டம்னு பொய் பறைஞ்சிட்டுதான் வந்தேன். தெரிஞ்சா என்ன இஞ்ச இருக்க விடமாட்டாவ. கல்ஃப்காரன் வீட்டுப் பக்கத்துல நடந்தாலே ஏசுதாவ. அவரும் ஊருல இல்ல. நான் எங்கம்மா போவேன்?"

"நான் அவங்கட்ட பேசுதேன்."

"நீ பேசினா கேக்க மாட்டாவ. நான் ஒரு ரூமுல இருந்துக்கிடுதேன். ஆருக்கும் தெரியாம இருந்துக்கிடுதேன். ஒரு தடவ நர்ஸா இல்லாம அம்மையா இரும்மா."

போன் கட்டாகிவிட்டது.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றரை. செல்வதாஸ் பக்கத்தில் வந்து நின்றார். "பதினோரு பேர எழுதியாச்சு. அது போதும்லா. அவ பேரு எதுக்கு? வீட்டுக்குள்ளதான இருக்கா. ஆருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"நீ அம்மையாட்டி?"

"நாளைக்கு அவளுக்கு மூச்சு முட்டினா பக்கத்துல உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்க. இது என்னன்னு தெரியாம சாதா வார்டுல போடுவாங்க. வயித்துல பிள்ள. அப்பம் ஆரு தடுப்பா? நீங்க மஞ்சத் தண்ணி கொண்டு ஓடுவியளா?"

அவர் வாயை மூடிக்கொண்டார். இன்றைக்கு அவர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

சரியாக நாலு மணிக்கு அவளே டாக்டர் அஜிதாவைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், காலையில நான் தந்த லிஸ்ட் தப்பு. மூணு பேரு இல்ல. பதினாலு."

"என்ன சிஸ்டர் சொல்றீங்க? உங்க வீட்டிலயா?"

"எங்க வீட்டுலதான்." சொல்லும்போது நாக்கு கூசியது. இருபத்தெட்டு வருஷத்து நல்ல பேர் ஒரு வாக்கியத்தில் போயே போச்சு. ஒவ்வொரு பேராக வாசித்தாள். லில்லிபாய் பேரை வாசிக்கும்போது உள் அறையில் செல்வதாஸ் இருமுவதுபோல் கனைத்தார். அவள் நிறுத்தவில்லை.

"அவ்வளவுதானே?"

"இல்ல. இன்னும் ஒண்ணு உண்டு. அந்தப் பேர மொதல்ல எழுதுங்க டாக்டர். பிரீனா, இருபத்தாறு வயசு. எட்டு மாசம். மூச்சு இழுப்பு உண்டு. என் மவ."

டாக்டர் அஜிதாவின் குரல் இளகியிருந்தது. "நாளைக்குக் காலையில வண்டி அனுப்பித் தனி வார்டில சேர்த்துடலாம் சிஸ்டர். அதுவரைக்கும் அவங்க இருக்கிற வீட்டை விட்டு அசையக் கூடாது. அந்தப் பகுதி நர்ஸை இப்பவே அவங்க மாமியாருக்குப் போன் பண்ணச் சொல்றேன். நோட்டீஸ் ஒட்டணும்."

"டாக்டர், அந்த மாமியாரு..." என்று ராஜபாய் ஆரம்பிக்கும் முன்பே லைன் போய்விட்டது. மறுபடி போட்டால் பிஸி. பிரீனா எடுக்கவில்லை. மாமியார் நம்பரும் பிஸி. ஐந்து மணிக்கும் பிஸி. ஐந்தரைக்கு ரிங் போனது. யாரும் எடுக்கவில்லை.

ஆறு மணிக்குக் கேட்டுக்கு வெளியே ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவன் நோட்டீஸைப் பார்த்தானோ என்னவோ, ஒரு துணிப்பையை ரோட்டில் வைத்துவிட்டு, ஆள் இறங்கியதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் ராகேல் வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

பிரீனா ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு நின்றாள். முகம் வியர்த்திருந்தது. தோள் ஏறி ஏறி இறங்கியது. ஆட்டோவில் குலுங்கி வந்ததாலா, அழுததாலா, வேறெதனாலுமா என்று இருபத்தெட்டு வருஷத்து நர்ஸுக்கும் அத்தனை தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

செல்வதாஸ், "மக்களே!" என்று கையை நீட்டிக்கொண்டு ஓடினார். ராஜபாய் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினாள். பிறகு மாஸ்க்கை மூக்குவரை ஏற்றிக்கொண்டு கேட்டுக்கு நாலடி முன்னால்வரை போய் நின்றாள். அதற்கு மேல் கால் போகத் துடித்தது. அவள் விடவில்லை. ஆறு நாளாக ஜெனின் மூச்சுவிட்ட வீடு. அவன் பிடித்த கைப்பிடி, குளித்த குளியலறை, அவளும் இந்த மனுஷனும் விட்டுக்கொண்டிருக்கிற மூச்சு.

"கேட்டத் தொறம்மா" என்றாள் பிரீனா.

"உள்ள வராத மக்களே. அங்கயே நில்லு. டாக்டரக் கூப்பிடுதேன். இந்த வீட்டுக்குள்ள மட்டும் நீ வரப்பிடாது."

பிரீனா பையின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள். வயிற்றில் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு, கம்பிகளுக்கு இடையே அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமியும் இதத்தாம்மா பறைஞ்சாவ."